கொடுத்த வட்டி தெரியுது... வாங்கின வட்டி தெரியாதா?

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு வாத்தியார் நண்பர் இருக்கிறார். உதவி பெறும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். ஜனவரி மாதம் அவரைப் பார்க்கப் போனால் சாயங்காலத்தில் வீட்டில் இருக்கமாட்டார். எங்கே என்று கேட்டால் அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வார்: "சர்ட்டிஃபிகேட் வாங்கப் போயிருக்காவ."

என்ன சர்ட்டிஃபிகேட்? வீட்டுக்கடனுக்கு அந்த வருஷம் எவ்வளவு வட்டி கட்டினார் என்று கடன் கொடுத்த நிறுவனம் எழுதித் தருகிற ஒரு பக்கக் காகிதம். அதைப் பள்ளிக்கூட ஆபீஸில் கொடுத்தால்தான் வருமான வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும்.

முதல் நாள் போனார். "அண்ணாச்சி, சர்வர் டவுன். நாளைக்கு வாங்க."

மறுநாள் போனார். "கையெழுத்துப் போடுத சார் இன்னைக்கு லீவு."

மூன்றாம் நாள் காகிதம் கிடைத்தது. கூடவே ஒரு சேதியும். "இது உத்தேசக் கணக்குதான் அண்ணாச்சி. மார்ச் முடிஞ்சு வாங்க, ஃபைனல் தாரோம்."

ஆக, ஒரே வட்டிக்கு இரண்டு காகிதம், இரண்டு அலைச்சல். அது எந்த நிறுவனம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற நிறுவனங்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

"இப்பல்லாம் பேங்க் ஆப்லயே டவுன்லோடு பண்ணிக்கலாமே சார்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பெரிய வங்கிகளில் முடியும். ஆனால் டவுன்லோடு பண்ணின காகிதத்தைச் சுமந்துகொண்டு போய்க் காட்டவேண்டிய ஆள் யார்? அப்போதும் நீங்கள்தான். என் சண்டை அந்தச் சுமையைப் பற்றியது.

நண்பர் தன் செல்போனில் ஒன்றைத் திறந்து காட்டினார். 2021 நவம்பரில் வருமான வரித்துறை அறிமுகப்படுத்திய ஆண்டுத் தகவல் அறிக்கை. ஏ.ஐ.எஸ். என்பார்கள். நம் பான் நம்பரை வைத்துக்கொண்டு, நாம் எங்கே என்ன செய்தோம் என்று அரசாங்கம் சேர்த்து வைத்திருக்கும் ஜாதகம். சேமிப்புக் கணக்கில் வங்கி போட்ட வட்டி அதில் இருக்கிறது. ஃபிக்சட் டெபாசிட் வட்டி இருக்கிறது. ஷேர் டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் சொத்து வாங்கினால், விற்றால், பத்திரப்பதிவு ஆபீஸிலிருந்து அந்தத் தகவலும் போய்விடும்.

"எனக்கு பேங்க்காரன் சேவிங்ஸ்ல போட்ட ஆயிரத்துச் சொச்சம் வட்டி பைசா சுத்தமா இருக்கு, பாத்தீங்களா?" என்றார். "நான் வருஷம் பூரா கட்டின ஒண்ணே முக்கால் லட்சம் வட்டி எங்கேன்னு தேடிக் குடுங்க பாப்போம்."

தேடினேன். இல்லை.

இதுதான் விஷயம். வங்கி உங்களுக்குக் கொடுக்கிற வட்டி அரசாங்கத்துக்குத் தானாகப் போய்ச் சேர்கிறது. அதே வங்கி உங்களிடமிருந்து வாங்குகிற வட்டி போய்ச் சேர்வதில்லை. கம்ப்யூட்டர் ஒன்றுதான், பான் நம்பர் ஒன்றுதான். உங்கள் வரியை ஏற்றுகிற தகவல் கம்பி வழியே பறக்கிறது. உங்கள் வரியை இறக்குகிற தகவல் மஞ்சப் பையில் நடந்து போகிறது.

இது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று நினைக்காதீர்கள். சட்டத்தையே அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். 60 வருஷத்துக்கு மேல் நம்மை ஆண்ட 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24-வது பிரிவு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனை: வட்டி வாங்கியவரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் காட்டாவிட்டால் கழிவு கிடையாது. சான்றிதழ் காட்டவேண்டியது கடன்காரர். சரி, அதைக் கொடுக்க மறுக்கிற, இழுத்தடிக்கிற நிறுவனத்துக்கு அந்தப் பிரிவில் என்ன தண்டனை? ஒன்றும் கிடையாது.

இதையே மற்ற இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளத்தில் வரி பிடித்த முதலாளி ஃபாரம் 16 கொடுக்காவிட்டால் நாளைக்கு 100 ரூபாய் அபராதம் என்று இருந்தது. 2022-ல் அதை 500 ரூபாயாக ஏற்றினார்கள். வங்கி, டெபாசிட் விவரத்தை வரித்துறைக்குத் தராவிட்டால் அதற்கும் நாள் கணக்கில் அபராதம். வரித்துறைக்கு வேண்டிய தகவல் என்றால் சாட்டை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் வேண்டிய தகவல் என்றால் "நாளைக்கு வாங்க அண்ணாச்சி".

இன்னொரு வேடிக்கை. சம்பளத்தில் வரி பிடிக்கிற அலுவலகம் வரித்துறைக்கு அனுப்பும் கணக்கில், ஊழியருக்கு வீட்டுக்கடன் கொடுத்தவரின் பான் நம்பரைக் குறிப்பிடவேண்டும். அதாவது கடன் கொடுத்தது யார் என்று துறைக்குத் தெரியும். 2025-ல் ரிட்டர்ன் போட்டவர்களிடம் இன்னும் விலாவாரியாகக் கேட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் கடைசியில் பாக்கி, கட்டிய வட்டி. அத்தனையும் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற விவரம். அதைப் பார்த்து நாம் கையால் திரும்ப டைப் அடிக்கவேண்டும். ஓர் எண் தப்பினால் தப்பு நம் பேரில்.

கேட்கவேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்க, அவரை விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவரைப் பிடித்துக் கேட்பதற்குப் பெயர்தான் டிஜிட்டல் இந்தியாவா?

காகிதத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று தாமிரபரணிக்கரையில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் அதற்குப் பிறகு ஆற்றில் வந்த வெள்ளத்தையும் திருநெல்வேலிக்காரர்கள் மறக்கவில்லை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தண்ணீர். நண்பரின் அக்கா வீடு சிந்துபூந்துறையில். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த ஃபைல் மொத்தமும் கூழாகிவிட்டது. வீட்டுப் பத்திரம் பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் அது கடன் கொடுத்தவர்களிடம் அடமானத்தில் இருந்தது! போனது வட்டிச் சான்றிதழ்களும் பழைய ரசீதுகளும். மூன்று வருஷம் கழித்துக்கூட "ஆதாரம் காட்டு" என்று நோட்டீஸ் வரலாம். ஆற்றோடு போன காகிதத்தை எங்கே போய்க் காட்டுவது? நகல் வாங்க மறுபடியும் அதே கவுன்ட்டர், அதே "நாளைக்கு வாங்க".

"பொய்க் கணக்கு காட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அதனால்தானே இத்தனை கேள்வி?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 2025 ஜூலை 14 அன்று வரித்துறை நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று பொய்க் கழிவுகளைப் போட்டுக்கொடுத்த இடைத்தரகர்களைத் தேடித்தான். தேடட்டும், பிடிக்கட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்த நிறுவனமே வட்டிக் கணக்கை நேரடியாக அனுப்பிவிட்டால், வாங்காத வீட்டுக்கடனுக்குப் பொய் வட்டி எழுத எவனால் முடியும்? திருடனைப் பிடிக்கவும் அதுதான் வழி, நாணயஸ்தனை விட்டுவிடவும் அதுதான் வழி. இரண்டையும் ஒரே கல்லில் அடிக்கலாம். கல்லை எடுக்கத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவில் இதைப் பல வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே கடன் கொடுத்தவர் ஒருவராகவும், மாதாமாதம் தவணை வசூலித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறவர் வேறொருவராகவும் இருப்பது சாதாரணம். வீட்டுக்கடனுக்கு ஒருவரிடமிருந்து வருஷத்தில் 600 டாலரோ அதற்கு மேலோ வட்டி வாங்கினால், நம் கணக்கில் சுமார் 50 ஆயிரம் ரூபாய், வாங்கினவர் 1098 என்ற படிவத்தில் அதை வரித்துறைக்கு எழுதவேண்டும். ஒரு நகல் கடன்காரருக்கு. கடன்காரர் போய்க் கெஞ்சவேண்டியதில்லை.

அமெரிக்கா ஒன்றும் புனித பூமி இல்லை. அவர்களுடைய வரித்துறையைத் திட்டாத அமெரிக்கர் கிடையாது. ஆனால் ஒரு காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். இந்த மாதிரிப் படிவங்களை மின்னணு முறையில் வாங்க அவர்களிடம் 'ஃபயர்' என்று ஒரு பழைய சிஸ்டம். அதற்குப் பதிலாக 'ஐரிஸ்' என்று புதிது கட்டினார்கள். 2023 ஜனவரியில் புதியதைத் திறந்தார்கள். பழையதை உடனே மூடவில்லை. இரண்டையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டு, பழையதை மூட 2026 டிசம்பர் கடைசி என்று நாள் குறித்தார்கள். ஏறக்குறைய நாலு வருஷ அவகாசம். பெரிய நிறுவனங்கள் தங்கள் சாஃப்ட்வேரை மாற்றிக்கொள்ள ஒரு வழி. நாலு பேருக்குக் கடன் கொடுத்த சின்ன ஆட்கள் எந்த சாஃப்ட்வேரும் வாங்காமல், இலவசமாக உட்கார்ந்து டைப் அடித்துவிட்டுப் போக இன்னொரு வழி. ஒரே நேரத்தில் 100 பேர் கணக்கு வரை ஏற்றலாம்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். வட்டிக் கணக்கை நேரடியாக அனுப்பச் சொன்னால் பெரிய வங்கிகள் ஒரே மாதத்தில் செய்துவிடும். என் கவலை அவர்களைப் பற்றியது அல்ல. தாலுகாவுக்குத் தாலுகா இருக்கிற கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்களைப் பற்றியது. ஒரு சின்னக் கட்டடம், ஒரு செயலாளர், ஓரிரண்டு எழுத்தர்கள், தடிமனான பேரேடுகள். பக்கத்திலேயே பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காவது ஒரு விடிவு வந்தது. 2022 ஜூனில் மத்திய அரசு 63 ஆயிரம் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வீட்டுவசதி சங்கங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இவர்களைத் தயார் செய்யாமல் ஒருநாள் ராத்திரி, "நாளை முதல் எல்லோரும் ஆன்லைனில் அனுப்பவேண்டும், தவறினால் அபராதம்" என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? நமக்குத் தெரியும். ஏற்கனவே பார்த்திருக்கிறோம்.

2012 ஜூலை 1 முதல், டி.டி.எஸ். கணக்கைத் தாமதமாக அனுப்பினால் நாளைக்கு 200 ரூபாய் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு தயாரிக்கிற சாஃப்ட்வேர் இங்கிலீஷில். ஃபைலைப் பரிசோதிக்க இன்னொரு சாஃப்ட்வேர். சின்ன ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் ஆடிட்டர் வாசலில் நின்றன. பிறகு கட்டணம் கேட்டு நோட்டீஸ்கள் வந்தன. வழக்குகள் நடந்தன. 2015 ஜூன் 1-க்கு முந்தைய காலத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்ப சட்டத்தில் இடமில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-ல் சொன்னது. கோர்ட்டுக்குப் போக வசதி இருந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இதற்கு நடுவில் பான் நம்பரில் ஓர் எழுத்து மாறிப் போனதால், பிடித்த வரி தன் கணக்கில் ஏறாமல் அலைந்த ஊழியர்களின் கதை தனி.

அடுத்தவர்கள் தயாராக இல்லாவிட்டால் அபராதம். சரி, துறை தயாராக இல்லாவிட்டால்?

2021 ஜூன் 7-ல் புதிய வருமான வரி இணையதளத்தைத் திறந்தார்கள். திறந்த நாளிலிருந்தே தகராறு. ஆகஸ்ட் 23 அன்று அதைக் கட்டிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதியமைச்சரே கூப்பிட்டு விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அந்த வருஷம் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. 2025-ல் என்ன நடந்தது? படிவங்களில் நிறைய மாற்றம் செய்திருக்கிறோம், சிஸ்டத்தைத் தயார் செய்ய நேரம் வேண்டும் என்று சொல்லி, ஜூலை 31-ல் முடியவேண்டிய கெடுவைத் துறையே செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்தது. 46 நாள்! அதுவும் போதாமல் கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள்.

நேரம் எடுத்துக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. தயாராவதற்கு நேரம் தேவை என்பது நியாயம். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் செலவில் கட்டின சிஸ்டத்துக்கே அந்த நியாயம் உண்டு என்றால், தாலுகா சங்கத்துச் செயலாளருக்கும் உண்டு. அவர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிற கடன்காரருக்கும் உண்டு.

இன்னொரு சமாதானமும் வரும். "புதிய வரி முறைதான் வந்துவிட்டதே, அதில் சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவே கிடையாது, இனிமேல் எதற்கு இதெல்லாம்?" 2023-24 நிதியாண்டிலிருந்து, நாமாக வேறு சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்பது உண்மை. ஆனால் பழைய முறையை எடுக்கும் வழி அடைக்கப்படவில்லை. வாடகைக்கு விட்ட வீடு என்றால் புதிய முறையிலும் வாடகைக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த முறை தனக்கு லாபம் என்று ஒருவர் முடிவு செய்யவே, தான் கட்டிய வட்டி எவ்வளவு என்று அவருக்குச் சரியாகத் தெரியவேண்டாமா? கையில் கணக்கைக் கொடுக்காமல் "உனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடு" என்பது என்ன நியாயம்?

1961 சட்டத்தின் 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கி, 2026 ஏப்ரல் 1-ஐ ஆரம்ப நாளாகக் குறித்து, 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. எண்கள் மாறுகின்றன, படிவங்கள் மாறுகின்றன. எல்லாவற்றையும் மாற்றுகிற நேரத்தில் இதையும் மாற்றுங்கள் என்கிறேன். இதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டிய அவசியம்கூட இல்லை. எந்தெந்தப் பணப் பரிமாற்றத்தை நிறுவனங்கள் வரித்துறைக்குச் சொல்லவேண்டும் என்று விதி போடும் அதிகாரம் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் கடனும் வருகிறது. தேவைப்படுவது ஒரு விதித் திருத்தம், அவ்வளவுதான்.

நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று: வீட்டுக்கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனமும், மார்ச் 31 வரை வாங்கிய வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று வரித்துறைக்கு மின்னணு முறையில் அனுப்பவேண்டும். டெபாசிட் வட்டிக்கு மே 31 கெடு என்றால் இதற்கும் அதே கெடு. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய கடன் என்றால் இரண்டு பான் நம்பரும் போகவேண்டும். முதல் பெயர் மட்டும் போனால், சம்பாதித்துத் தவணை கட்டுகிற மனைவி மறுபடியும் காகிதத்தோடு அலைவார்.

இரண்டு: முதல் வருஷம் வெள்ளோட்டம். யாருக்கும் அபராதம் கிடையாது. தப்பு இருந்தால் கடன்காரர் தன் ஏ.ஐ.எஸ். பக்கத்திலேயே சொல்லவும், நிறுவனம் குறிப்பிட்ட நாளுக்குள் திருத்தவும் வழி வேண்டும்.

மூன்று: சின்னச் சங்கங்களுக்குத் தமிழில், இலவசமாக, டைப் அடித்து அனுப்ப ஒரு பக்கம். பயிற்சியைச் சென்னை ஹோட்டல் ஹாலில் வைக்காதீர்கள். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வந்து சொல்லிக்கொடுங்கள்.

நாலு: வெள்ளோட்டம் முடிந்தபிறகும் அனுப்பாத நிறுவனத்துக்கு நாள் கணக்கில் அபராதம். கடன்காரரின் கழிவில் கை வைக்கக்கூடாது. தவணை போன பாஸ்புக் பக்கமே அவருக்கு ஆதாரமாகப் போதவேண்டும்.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் முங்கிவிடும். அது தெரிந்துதான், தண்ணீர் ஏறும் சேதி வந்ததும் உற்சவரையும் முக்கியமான பொருள்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. வெள்ளம் வந்தபிறகு சாமியைப் பார்த்து "ஏன் நனைந்தாய்?" என்று அபராதம் போடுகிற வழக்கம் அங்கே இல்லை.

வாத்தியாரிடம் இந்த நாலையும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். இந்த ஜனவரிக்குள்ள நடக்குமா, இல்லை நான் லீவு சொல்லிட்டு இப்பவே வரிசைல நிக்கவா?" என்றார்.

பதில் சொல்லவேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள்.